வேலூர் வெயிலும் வாடகை வீடும்

வேலூரில் வாடகைக்கு வீடு காட்டுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் பேசுவார்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும், போர் தண்ணீர் உப்பா இல்லையா, வண்டியை எங்கே நிறுத்தலாம், கரண்ட்டுக்குத் தனி மீட்டர் உண்டா. கடைசியில் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்று வரும்: "செவுத்துல ஆணி மட்டும் அடிக்காதம்மா." சத்துவாச்சாரியில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டின் ஓனரம்மாவும் அதையேதான் சொன்னார். கூடவே, "மத்தபடி உன் வீடுன்னு நெனச்சுக்கோ" என்றும் சொன்னார். அந்த 'மத்தபடி'யில் என்னென்ன செய்யலாம் என்பதுதான் இந்தப் பதிவு.

எனக்குத் தெரிந்த பல குடும்பங்கள் "வாடகை வீடுதானே" என்று சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்கில் ஓட்டிவிடுகின்றன. பரணில் கட்டு அவிழ்க்காத அட்டைப்பெட்டிகள், ஜன்னலில் பழைய பெட்ஷீட், ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். நல்ல பொருளெல்லாம் சொந்த வீடு கட்டிய பிறகு எடுக்கலாம் என்று பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் பிள்ளைகள் வளர்வது இந்த வீட்டில்தான். பின்னால் அவர்கள் நினைத்துப் பார்க்கப் போவதும் இந்த ஹாலைத்தான். அதனால் வாடகை வீட்டை அழகாக வைத்துக்கொள்வதை வீண் செலவு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. சுவருக்குச் செலவழித்தால் அது சுவரோடு போய்விடும், சரி. துணிக்கும் விளக்குக்கும் பாய்க்கும் செலவழித்தது நம்மோடு அடுத்த வீட்டுக்கு வரும்.

வேலூரே வாடகைக்காரர்களின் ஊர்தான். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருந்தகம்தான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. காட்பாடிப் பக்கம் 1984-இல் தொடங்கிய வி.ஐ.டி. பல்கலைக்கழகம். இந்த இரண்டையும் சுற்றி எத்தனை ஆயிரம் பேர் வாடகை அறைகளில் இருக்கிறார்கள்! பாபு ராவ் தெருவில் நடந்தால் தமிழ் போர்டுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஒரு மாசம், மூன்று மாசம் என்று ஒற்றை ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். அப்படி ஒரு ரூமுக்குள் நான் போயிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, அவ்வளவுதான் ரூம். ஆனால் ஜன்னல் கம்பியில் சின்னதாக ஒரு காளி படம், தலையணைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பூ வேலை உறை, எவர்சில்வர் டம்ளரில் இரண்டு செம்பருத்தி. அடுத்த டெஸ்ட் எப்போது, ஊருக்கு எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலையில் அந்த அம்மா இதையெல்லாம் செய்து வைத்திருந்தார். பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டிருக்கும் நமக்கு என்ன தயக்கம்?

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? வீட்டு அலங்காரம் பற்றிய வீடியோக்கள் எல்லாம் சோபா, குஷன், சுவர்ப் படம் என்று ஆரம்பிக்கின்றன. வேலூரில் ஆரம்பிக்க வேண்டியது வெயிலிலிருந்து. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கு மேலும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் உட்கார முடியாத ஹால் அழகான ஹால் இல்லை. வெயிலைத் தடுப்பதற்காக நாம் செய்கிற ஒவ்வொன்றும், கொஞ்சம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், அலங்காரமாகவும் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை.

குடிபோன முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள். காலையில் எந்த ஜன்னலில் வெயில், மூன்று மணிக்கு எந்தச் சுவர் கொதிக்கிறது என்று பாருங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்தாலே தெரிந்துவிடும். மேற்குச் சுவர்தான் பெரும்பாலும் வில்லன். அந்தப் பக்கம் பால்கனி இருந்தால் மூங்கில் தட்டி ஒன்றை பால்கனி கிரில்லில் கேபிள் டை போட்டுக் கட்டிவிடலாம். துளை வேண்டாம், ஆணி வேண்டாம், காலி செய்யும்போது கத்தரியால் நறுக்கினால் வந்துவிடும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் முக்கியம். உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை மறைக்கும், சூட்டை முழுசாக வெளியே அனுப்பாது. சாயங்காலம் தட்டியின் இடுக்குகள் வழியாக ஹால் தரையில் கோடு கோடாக வெளிச்சம் விழும் பாருங்கள், எந்தக் கடையிலும் அதை விலைக்கு வாங்க முடியாது.

வெட்டிவேர்த் தட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. கடலோரத்தில் இருக்கும் சென்னையைவிட நம் ஊர்க் கோடையில் ஈரம் குறைவு, அதனால் நனைத்த தட்டி இங்கே நன்றாகக் குளிர்ச்சி தரும். ஒரே நிபந்தனை, எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். காற்று ஓடாத அறையில் ஈரத்தட்டி புழுக்கத்தைத்தான் கூட்டும். மேல்மாடி வீட்டுக்காரர்கள் ஓனரிடம் கேட்டுவிட்டு மொட்டை மாடியில், படுக்கையறைக்கு நேர் மேலே மட்டும், தென்னங்கீற்று பரப்பி வைக்கலாம். மழை வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

இப்போது துணி. நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

ரெடிமேட் ஸ்கிரீன் என்று கடையில் விற்பவை பெரும்பாலும் பளபளக்கும் பாலியஸ்டர். வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஒருவிதப் பிளாஸ்டிக் வாடையும் அடிக்கும். நமக்குப் பக்கத்திலேயே குடியாத்தம் இருக்கிறது. லுங்கி நெய்வதற்குப் பேர் பெற்ற ஊர். மூட்டாத லுங்கி வாங்கினால் சுமார் இரண்டு மீட்டர் பருத்தித் துணி கையில் இருக்கும், கட்டம் கட்டமாக, நீலம், பச்சை, அரக்கு என்று எத்தனையோ நிறத்தில். சாதாரண ஜன்னலுக்கு இரண்டு லுங்கி தாராளம். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் மேல்பக்கம் பட்டை வைத்துத் தைத்துத் தருவார். கைத்தறியா விசைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். கைத்தறி கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கும், ஆனால் வெளிச்சம் அதன் வழியே வரும்போது தெரிகிற அழகே வேறு. முதல் தடவை உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசுங்கள், சில நிறங்கள் சாயம் விடும்.

என் மாமியார் முதலில் தயங்கினார். "ஆம்பளைங்க கட்றத ஜன்னல்ல மாட்டுவாங்களா?" என்று கேட்டார். தைத்து மாட்டியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவரே உள்ளே போய்த் தன்னுடைய பழைய ஆரணிப் பட்டு ஒன்றை எடுத்து வந்தார். உடல் முழுக்க இற்றுப்போயிருந்தது, பார்டரும் முந்தானையும் மட்டும் நன்றாக இருந்தன. முந்தானையை இரண்டு குஷன் உறையாகவும், பார்டரைப் பூஜை அலமாரிக்குத் தொங்கலாகவும் தைத்தோம். எங்கள் ஹாலில் வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தக் குஷனைப் பற்றித்தான்.

பழைய காட்டன் புடவை வீட்டில் இருந்தால் லுங்கிகூட வேண்டாம். ஐந்தரை மீட்டர் நீளத்தில் வாசலுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று வந்துவிடும். மேற்கு ஜன்னலுக்கு மட்டும் பின்னால் ஒரு வெளிர் நிறத் துணியை லைனிங்காகக் கொடுங்கள்.

திரையை மாட்டுவது எப்படி? நம் ஊர் ஜன்னல்களில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கிரில் உள்பக்கம் இருக்கும். அந்தக் கிரில் இருக்கும்வரை ஆணி எதற்கு? கிரில்லின் மேல் கம்பியில் மெல்லிய குழாயைக் கட்டி அதில் துணியைக் கோர்த்துவிடலாம். ஜன்னல் சுவருக்குள் சற்று உள்வாங்கி இருந்தால் ஸ்பிரிங் ராட் போடலாம். உள்ளே ஸ்பிரிங் இருக்கும் குழாய் அது, திருகினால் நீண்டு இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். லேசான துணிக்கு அது போதும். கனமான திரையை அதில் மாட்டினால் ஒருநாள் நடுராத்திரியில் விழும்.

ஒட்டும் கொக்கி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லாம் சுவரைப் பொறுத்தது. சுவரைக் கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது மட்டமான டிஸ்டெம்பர். அந்தச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது, நின்றாலும் எடுக்கும்போது பெயின்ட்டைப் பெயர்த்துக்கொண்டு வரும். எமல்ஷன் அடித்த வழவழப்பான சுவரில் நிற்கும். டைல்ஸ், பீரோ, வார்னிஷ் அடித்த கதவு, கண்ணாடி ஆகியவற்றில் நன்றாகவே நிற்கும். ஒட்டும் இடத்தைத் துடைத்து, காயவிட்டு, ஒட்டியபின் ஒரு மணி நேரமாவது எதையும் மாட்டாமல் விட வேண்டும். வெயில் காயும் மேற்குச் சுவரில் பசை இளகிவிடும், அங்கே வேண்டவே வேண்டாம். டபுள் சைட் டேப்பை எடுக்கும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி, தையல் நூலைச் சுவரோடு ஒட்டினாற்போல் பின்னால் விட்டு அறுத்துக்கொண்டே வாருங்கள். டைல்ஸில் மிஞ்சும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். சுவரில் எண்ணெய் வைக்காதீர்கள், கறை விழும்.

உண்மையில் ஒட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஏற்கனவே இருப்பதைத் தேடுவது நல்லது. முன்பு குடியிருந்தவர் அடித்த ஆணிகள், பரண் விளிம்பு, வென்டிலேட்டர் கம்பி, ஹால் கூரையில் தொட்டிலுக்கோ ஊஞ்சலுக்கோ பதித்த கொக்கி. கொசப்பேட்டை, வேலப்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் இந்தக் கொக்கி இருக்க வாய்ப்பு அதிகம். அதில் சணல் கயிற்றில் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து விளக்காகத் தொங்கவிட்டால் ஹாலின் முகமே மாறிவிடும். இரண்டு கிரில்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணி கிளிப்பில் பிள்ளைகள் வரைந்த படங்களை மாட்டலாம். பெரிய படங்களை மேஜைமேல் சாய்த்து வைத்தாலே போதும்.

விளக்கு அடுத்தது. இதில்தான் குறைந்த செலவில் அதிக மாற்றம். வாடகை வீடுகளில் ஓனர் போட்டு வைத்திருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். படிக்கவும் சமைக்கவும் அது சரி. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அதன் கீழே உட்கார்ந்தால் கிளினிக்கில் காத்திருக்கிற உணர்வு வரும். பெட்டியின் மேல் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்ட, இளமஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. பல்பு வாங்குங்கள். 9 வாட் பல்பே பழைய 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தரும். அதைக் கூரையில் போடாமல் இடுப்பு உயரத்தில், மேஜை விளக்காகவோ மூலையில் நிற்கும் விளக்காகவோ வையுங்கள். கழற்றிய ஓனரின் பல்புகளைப் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். கைப்பிடி, குழாய் முகப்பு, பழைய திரைக்கம்பி என்று நாம் கழற்றும் எதுவாக இருந்தாலும் அதே பெட்டிக்குள். காலி செய்யும் அன்று அந்தப் பெட்டி இருந்தால் வாக்குவாதமே வராது.

தரைக்குக் கோரைப்பாய். கார்ப்பெட் இந்த ஊர்ப் புழுதிக்கும் சூட்டுக்கும் ஒத்துவராது என்பது என் தீர்மானமான கருத்து. 1989-இல் வட ஆற்காடு பிரிக்கப்படும்வரை வந்தவாசியும் நம் மாவட்டம்தான், கோரைப்பாய்க்குப் பேர் போனது. கறை படிந்த மொசைக் தரையோ, விரிசல் விட்ட ரெட் ஆக்ஸைடு தரையோ, ஒரு பெரிய பாய் விரித்தால் மறைந்துவிடும். உட்கார்ந்தால் சில்லென்று இருக்கும். ஈரத் தரையில் விரித்தால் பூஞ்சை பிடிக்கும், அதனால் துடைத்த தரை காய்ந்த பிறகே விரிக்க வேண்டும். வாரம் ஒருமுறை சுருட்டி வெயிலில் காட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

சமையலறையில் கதவு இல்லாத கடப்பைக்கல் ஷெல்ஃபுதான் பலருக்குத் தலைவலி. டப்பாக்கள் எல்லாம் வெளியே தெரியும். ஷெல்ஃபின் இரண்டு பக்கத் தடுப்புகளுக்கு நடுவே ஸ்பிரிங் ராட் போட்டு மிஞ்சிய லுங்கித் துணியைத் தொங்கவிட்டால் முடிந்தது. அடுப்புக்குப் பக்கத்து ஷெல்ஃபில் மட்டும் துணி வேண்டாம், தீப்பிடிக்கும். எண்ணெய் தெறிக்கும் டைல்ஸில் ஸ்டிக்கர் ஷீட் ஒட்டலாம், கொஞ்சம் சூடு காட்டினால் உரிந்துவிடும். உப்புத் தண்ணீரால் சிங்க்கிலும் குழாயிலும் படிந்த வெள்ளைக் கறைக்கு எலுமிச்சையோ வினிகரோ தடவி ஊறவிட்டுத் தேய்த்தால் போகும். பளிச்சென்று இருக்கும் குழாயும் அலங்காரம்தான்.

செடிக்கு மணி பிளான்ட், கற்றாழை, வெற்றிலைக்கொடி போதும். தொட்டிக்குக் காட்பாடிப் பக்கம் கரிகிரி மண்பாண்டங்களைப் பாருங்கள். மெருகு பூசிய பானைகளும் ஜாடிகளும் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், பிளாஸ்டிக் தொட்டிக்குக் கொடுக்கிற காசை அவர்களுக்குக் கொடுக்கலாம். தொட்டிக்குக் கீழே தட்டு கட்டாயம். தட்டில்லாத தொட்டி தரையில் விடுகிற வட்டக் கறைக்கு அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

அட்வான்ஸ் என்று வந்துவிட்டதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருக்குமான தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, உரிமையாளரின் பொறுப்பு. குழாய், சுவிட்ச், பூட்டு போன்ற சின்ன ரிப்பேர்கள் நம் பொறுப்பு. ஆனால் நடைமுறையில் 'பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிப்போம்' என்று அக்ரிமென்ட்டிலேயே ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அது இருந்தால் ஓனரிடம் நேராகவே கேட்கலாம்: "எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் போறீங்க, ஒரு சுவருக்கு மட்டும் நான் பிடிச்ச கலர் அடிச்சுக்கட்டுமாம்மா?" பலர் சரி என்பார்கள். சரி என்றதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடிபோகும் அன்றே எல்லாச் சுவரையும் தரையையும் போனில் வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய விரிசல் யாருடையது என்ற கேள்விக்கே அப்புறம் இடம் இருக்காது. தவிர்க்கவே முடியாமல் ஓர் ஆணி அடித்திருந்தால், போகும்போது பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மிச்சமிருக்கும் பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் தெரியாது.

மேஜை, கட்டில், புத்தக அலமாரி வேண்டுமென்றால் மே மாதம்வரை பொறுங்கள். படிப்பு முடிந்த பிள்ளைகள் காட்பாடியில் அறைகளைக் காலி செய்யும் நேரம் அது. ஊருக்குக் கொண்டுபோக முடியாததைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். பிரித்துப் பூட்டக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், அடுத்த வீட்டின் மாடிப்படி எவ்வளவு குறுகலோ தெரியாது. ஆடிக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் நல்லது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஊரே ஒரே நேரத்தில் சாமான் ஏற்றும், அப்போது டாட்டா ஏஸ் வண்டிக்காரர் கேட்பதுதான் வாடகை.